உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரில் இரண்டு வகைச் செல்கள்

உட்கரு இல்லாவிட்டால் புரோகேரியோட், இருந்தால் யூகேரியோட். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் இந்த ஒரு வரி மதிப்பெண் வாங்கப் போதும். இந்த வேறுபாடு எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால், பெங்களூரை ஒரு சுற்று சுற்றி வரலாம்.

லால்பாக் பாறைக்கு உட்கருவை விட வயது அதிகம்

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அந்தப் பாறை உருவான காலத்தில் பூமியில் உயிர் இருந்தது. ஆனால் உட்கரு உள்ள செல் ஒன்றாவது இருந்தது என்பதற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து கல்லான ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பகுதியில் உண்டு. அவற்றின் வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவற்றைக் கட்டியவை புரோகேரியோட்டுகள்.

உட்கரு உள்ள உயிர்களின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்றும் நம் நாட்டில்தான் இருக்கிறது. மத்திய இந்தியாவின் சித்ரகூடப் பாறைகளில் சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிவப்புப் பாசி போன்ற புதைபடிவங்களை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2017-இல் விவரித்தார்கள். எக்ஸ் கதிர் கொண்டு கல்லுக்குள் பார்த்தபோது வரிசையாக அடுக்கிய செல்களும், ஒவ்வொரு செல்லின் நடுவில் ஒரு சிறு தட்டும் தெரிந்தன. பசுங்கணிகத்துக்குள் இருக்கும் ஓர் உறுப்பாக அது இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. லால்பாக் பாறைக்கும் சித்ரகூடப் பாசிக்கும் இடையே 140 கோடி ஆண்டுகள். அதில் பெரும்பகுதி பாக்டீரியாவும் அதன் உறவுகளும் மட்டுமே வாழ்ந்த காலம்.

இட்லி ஒரு கட்சி, காரா பன் இன்னொரு கட்சி

ஐயங்கார் பேக்கரியின் காரா பன் உப்புவது ஈஸ்ட்டால். ஈஸ்ட் பூஞ்சை வகை. உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் உள்ள யூகேரியோட். இட்லி மாவு பொங்குவது முக்கியமாக லூக்கனாஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியாவால். உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு தானாகவே வந்து சேர்கிற உயிர் அது. புளிப்பையும் கரியமில வாயுவையும் அதுவே உண்டாக்குகிறது. சில மாவுகளில் ஈஸ்ட்டும் கலந்திருக்கும், ஆனால் மாவைத் தூக்கி நிறுத்துவதில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு.

ரவா இட்லி இந்த இரண்டு கட்சியிலும் சேராது. இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பட்ட காலத்தில் லால்பாக் சாலை எம்.டி.ஆர். சமையலறையில் பிறந்ததாகச் சொல்லப்படும் அது, சமையல் சோடா தயிரின் புளிப்போடு சேரும்போது எழும் வாயுவில் உப்புகிறது.

ஓசூர் சாலை இன்சுலின்

உயிர்த் தொழில்நுட்பத்தில் புரோகேரியோட்டா, யூகேரியோட்டா என்பது பல கோடி ரூபாய்க் கேள்வி. இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

முதலில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். 1978-இல் அமெரிக்காவில் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினைச் செய்து காட்டினார்கள். 1982-இல் அது மருந்துக் கடைக்கு வந்தது. பாக்டீரியா வேகமாகப் பெருகும், தீனிச் செலவும் குறைவு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலி. அவற்றைச் சரியாக மடித்து மூன்று கந்தகப் பிணைப்புகளால் கட்ட வேண்டும். அந்த மடிப்பு வேலைக்கென்று தனி அறை பாக்டீரியாவில் இல்லை. செய்த புரதம் செல்லுக்குள்ளேயே கட்டியாகச் சேர்ந்துவிடும். செல்லை உடைத்து, கட்டியைக் கரைத்து, தொழிற்சாலைத் தொட்டியில் புரதத்தை மறுபடி மடிக்க வேண்டும்.

ஈஸ்ட்டில் அந்த அறை உண்டு. எண்டோபிளாச வலையில் புரதம் மடிந்து பிணைப்புகள் கட்டப்படும். பிறகு கோல்கை உறுப்பு வழியாக வெளியே அனுப்பப்படும். செல்லை உடைக்காமல், அது மிதக்கும் கரைசலிலிருந்தே இன்சுலினைப் பிரித்தெடுக்கலாம். டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பேக்கரி ஈஸ்ட்டைப் பயன்படுத்தியது. ஓசூர் சாலையில் இருக்கும் பயோகான், மெத்தனாலைத் தின்று வளரும் பிக்கியா பாஸ்டோரிஸ் என்ற வேறொரு ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்து 2004-இல் தன் மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிக்கியாவில் தயாரித்து விற்பனைக்கு வந்த உலகின் முதல் மனித இன்சுலின் அது. 1978-இல் பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் தொழிலைப் படித்தவர். ஈஸ்ட்டின் குணம் தெரிந்தவர் ஈஸ்ட்டை நம்பியதில் எனக்கு வியப்பில்லை.

எல்லா மருந்துக்கும் ஈஸ்ட் போதாது. மார்பகப் புற்றுநோய்க்கான ட்ராஸ்டுசுமாப் போன்ற பெரிய எதிர்ப்புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகளை, நம் உடம்பு வைப்பது போலவே வைக்க வேண்டும். அதற்குப் பாலூட்டியின் செல்தான் வேண்டும். பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்த செல்களை எஃகுத் தொட்டிகளில் வளர்த்து அந்த வேலையை வாங்குகிறார்கள். இவை பாக்டீரியாவை விட மெதுவாகப் பெருகும், பராமரிப்பும் அதிகம் கேட்கும். அந்த மருந்துகளின் விலைக்கு இதுவும் ஒரு காரணம்.

சுவரின் உண்மையான பயன்

உட்கருவைச் சுற்றியுள்ள சவ்வை வெறும் அடையாளக் குறியாக நினைத்துவிடக் கூடாது. பாக்டீரியாவில் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போதே, அதன் முன்பகுதியில் ரைபோசோம் ஏறி உட்கார்ந்து புரதம் செய்யத் தொடங்கிவிடும். அடுப்பில் இருக்கும்போதே பந்தியில் பரிமாறுவது போல. நம் செல்லில் உட்கருவுக்குள் படியெடுத்து, தேவையற்ற இடைத்துண்டுகளை வெட்டி நீக்கி, ஒட்டி, சரிபார்த்த பிறகே ஆர்.என்.ஏ. வெளியே வரும். மனித இன்சுலின் மரபணுவில் அப்படி இரண்டு இடைத்துண்டுகள் உண்டு. பாக்டீரியாவுக்கு அவற்றை வெட்டத் தெரியாது. அதனால்தான் 1978-இல் நம் மரபணுவை அப்படியே கொடுக்காமல், இடைத்துண்டு இல்லாத டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் செய்து கொடுத்தார்கள்.

சிதம்பரத்துக்காரர் பார்த்த ரைபோசோம்

ஆன்டிபயாடிக் மாத்திரை பாக்டீரியாவைக் கொன்று நம்மை விட்டுவைப்பது எப்படி? இரண்டு வகைச் செல்களின் கருவிகளும் வேறு வேறு என்பதால். பென்சிலின் பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் போன்றவை ரைபோசோமைக் குறிவைக்கும். பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், நம்முடையது 80எஸ்.

அந்த 70எஸ் ரைபோசோமின் சிறிய பாதி எப்படி இருக்கும், ஆன்டிபயாடிக் அதில் எங்கே போய் ஒட்டும் என்று அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் ஆய்வுக்கு எடுத்தது வெந்நீரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பாக்டீரியா ரைபோசோமின் இரு பாதிகளான 30எஸ், 50எஸ் இரண்டும் சேர்ந்து 80எஸ் ஆகாமல் 70எஸ் ஆவது அச்சுப் பிழை அல்ல. ‘எஸ்’ எடையின் அளவு கிடையாது. வேகமாகச் சுழற்றும்போது எவ்வளவு சீக்கிரம் அடியில் இறங்குகிறது என்பதன் அளவு அது. வடிவமும் அதில் பங்கெடுப்பதால் கூட்டல் கணக்கு பொருந்தாது.

ஊசி போட்டதும் காது கேட்காமல் போவது

பெல்லாரி சாலையில் 1959 முதல் தேசியக் காசநோய் நிறுவனம் இயங்குகிறது. காசநோய்க்கு முதலில் கைகொடுத்த ஆன்டிபயாடிக் ஸ்ட்ரெப்டோமைசின். அதன் கூடவே காது பாதிக்கப்படும் ஆபத்தும் வந்தது. அதிலும் சிலருக்குக் கொஞ்ச அளவிலேயே காது போய்விடும், குடும்பத்தில் தாய்வழியில் அது தொடரும்.

காரணம் 1993-இல் தெளிவானது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவின் வாரிசு. அதற்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு, பாக்டீரியா மரபில் வந்த சொந்த ரைபோசோமும் உண்டு. அந்த டி.என்.ஏ.வின் 1555-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டால், அந்த ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமை இன்னும் நெருக்கமாக ஒத்துவிடும். மருந்து ஆள் மாறி அதைத் தாக்கும். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவதால் இந்தக் குறையும் தாய்வழியில் வருகிறது. ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும் இதே குடும்பம். அம்மா வழி உறவினர் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

மலேரியாக் கிருமிக்குள் ஒரு பாசி

மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் யூகேரியோட். ஆகவே பாக்டீரியா மருந்துகள் அதன்மேல் எடுபடக் கூடாது. ஆனால் டாக்ஸிசைக்ளின் எடுபடுகிறது. மலேரியா உள்ள ஊர்களுக்குப் பயணம் போகிறவர்களுக்குத் தடுப்பு மருந்தாகவே அதைத் தருகிறார்கள்.

இதன் விடை பிளாஸ்மோடியத்தின் வம்சாவளியில் இருக்கிறது. அதன் முன்னோர் எப்போதோ ஒரு பாசியை விழுங்கியது. அந்தப் பாசியின் முன்னோர் அதற்கும் முன்பு ஒரு நீலப்பசும் பாக்டீரியாவை விழுங்கியிருந்தது. மிச்சம் இன்றும் நான்கு சவ்வுகள் சுற்றிய ஒரு சிறு உறுப்பாக மலேரியாக் கிருமிக்குள் இருக்கிறது. ஒளிச்சேர்க்கை எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் பாக்டீரியா காலத்து வேதிப்பட்டறை நிற்கவில்லை.

இந்த இடத்தில் பெங்களூரு வருகிறது. ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் நமிதா சுரோலியாவும், இந்திய அறிவியல் கழகத்தின் அவதேஷ சுரோலியாவும் 2001-இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். சோப்பிலும் பற்பசையிலும் பாக்டீரியாவைக் கொல்லச் சேர்த்துவந்த ட்ரைக்ளோசான், மலேரியாக் கிருமியையும் அடக்குகிறது. கொழுப்பு அமிலம் தயாரிக்க நம் செல் ஒரே பெரிய நொதியமைப்பைப் பயன்படுத்துகிறது. பாக்டீரியாவோ தனித்தனி நொதிகளைப் பயன்படுத்துகிறது. பிளாஸ்மோடியத்தில் இருப்பது பாக்டீரியா வழி. உட்கரு உள்ள ஒரு கிருமியை, அதற்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியா மரபைக் குறிவைத்துத் தாக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது உலகெங்கும் வேகம் கொடுத்தது.

பின்னால் வந்த ஆய்வுகள் கதையைத் திருத்தின. ரத்தத்தில் இருக்கும் கட்டத்தில் கிருமிக்கு இந்த வழி அத்தனை அவசியமில்லை, கல்லீரல் கட்டத்தின் கடைசியில்தான் அவசியம் என்று தெரியவந்தது. அதனால் அந்த ஆய்வின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. எங்கே தேட வேண்டும் என்று அது காட்டிக்கொடுத்தது.

கரும்பூஞ்சைக்கு மருந்து ஏன் அரிது?

2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கரும்பூஞ்சை நோயும் வந்தது. பெங்களூரில் சிவாஜிநகர் பவுரிங் மருத்துவமனை அதன் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. ஆம்போடெரிசின்-பி குப்பிக்கு நாடே அலைந்தது. பூஞ்சை நம்மைப் போல யூகேரியோட் என்பதால் அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தொட்டுவிட வாய்ப்பு அதிகம். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால், நம்முடையதில் கொலஸ்ட்ரால். அந்தச் சிறு வித்தியாசத்தை நம்பியே அந்த மருந்து வேலை செய்கிறது. இரண்டும் நெருங்கிய உறவு. சிறுநீரகம் பாதிக்கப்படுவது அதனால்தான்.

உட்கரு இல்லாத யூகேரியோட்

உங்கள் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. முதிரும்போது எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுகிறது. அதற்காக அதைப் புரோகேரியோட் என்று சொல்ல முடியாது. கோழிக்கும் காக்கைக்கும் சிவப்பணுவில் உட்கரு உண்டு.

2016-இல் வந்த ஒரு கணக்குப்படி 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 30 லட்சம் கோடி மனித செல்கள் இருக்கின்றன. அவற்றில் 84 சதவீதம் சிவப்பணு. பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. ஆக, உட்கரு உள்ள செல்கள் நம் உடம்பிலேயே சிறுபான்மை.

அளவை நம்பலாமா?

பாக்டீரியா என்றால் ஒன்றிரண்டு மைக்ரான், யூகேரியோட் என்றால் பத்து மைக்ரானுக்கு மேல் என்பது பொது விதி. 2022-இல் கரீபியன் சதுப்புக் காட்டிலிருந்து விவரிக்கப்பட்ட தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா ஒரே செல் பாக்டீரியா. நீளம் சுமார் 1 சென்டிமீட்டர், கண்ணுக்கே தெரியும். டி.என்.ஏ.வையும் சிறு சிறு சவ்வுப் பைகளில் போட்டு வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற கடல் பாசி ஒரு மைக்ரான்கூட இல்லை. அதற்குள் உட்கரு, பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஒவ்வொன்று.

ஏரியின் பச்சை

சாக்கடை கலக்கும் ஏரியில் பச்சைப் படலம் கண்டால் அது பாசியாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், பசும்பாசியில் பச்சை நிறம் தனிப் பசுங்கணிகங்களுக்குள் அடங்கியிருக்கும். நீலப்பசும் பாக்டீரியாவில் நிறம் செல் முழுக்கப் பரவியிருக்கும். இதைப் பிரித்தறிவது ஆடுமாடு வளர்ப்பவர்களுக்கு உயிர் விஷயம். மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பசும் பாக்டீரியாக்கள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தபோது மீத்தேன் என்ற பெயர் அடிபட்டது. சேற்றில் மீத்தேனை உண்டாக்குபவை ஆர்க்கியா. உட்கரு இல்லை, ஆனால் பாக்டீரியாவும் இல்லை. 1977-இல் கார்ல் வூஸ் அவற்றைத் தனிக் குலமாகப் பிரித்துக் காட்டினார். மரபணுவைப் படிக்கும் கருவிகளில் அவை பாக்டீரியாவை விட நமக்கே நெருக்கம். 2015-இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றில் அடையாளம் கண்ட லோக்கி ஆர்க்கியாவில், நம் தசையில் உள்ள ஆக்டின் புரதத்தின் உறவுகூட இருந்தது. அப்படியோர் ஆர்க்கியாவும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்ததிலிருந்து நம் வகைச் செல் உருவானது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

விழுங்கத் தெரிந்த செல்

ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சத்யஜித் மேயர் குழு நீண்டகாலம் ஆராய்ந்தது, செல் தன் மேற்சவ்வை எப்படி அமைத்துக்கொள்கிறது, வெளிப்பொருளை எப்படி உள்ளிழுத்து விழுங்குகிறது என்பதை. இது யூகேரியோட்டின் தனித்திறமை. கெட்டிச் சுவருக்குள் வாழும் பாக்டீரியாவால் பொதுவாக இது முடியாது. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த உயிர்கள் என்று லின் மார்குலிஸ் 1967-இல் வாதிட்டபோது பலர் நம்பவில்லை. இன்று அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அந்த மையத்தை நிறுவிய ஒபைத் சித்திகி, புரோகேரியோட்டுக்கும் யூகேரியோட்டுக்கும் இடையிலான எல்லையை இரு பக்கமும் கடந்தவர். கிளாஸ்கோவில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் மரபியலில் தொடங்கினார். அமெரிக்காவில் ஈ.கோலை பாக்டீரியாவில் ஆலன் கேரனோடு சேர்ந்து, மரபணுவில் புரதத்தைப் பாதியில் நிறுத்திவிடும் பிழைகளை ஆராய்ந்தார். பிறகு பழ ஈக்கு வந்து, அதன் நரம்பையும் மோப்பத்தையும் தன் ஆய்வாக்கிக்கொண்டார். பூஞ்சை, பாக்டீரியா, ஈ என்று மாறிப்போக அறிவும் வேண்டும், துணிவும் வேண்டும்.

நீங்களே பார்க்க

பள்ளி நுண்ணோக்கி கிடைத்தால் போதும். சுத்தமான மரக்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் பூசி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு, மூடி, 400 மடங்கில் பாருங்கள். ஐம்பது மைக்ரானுக்குக் குறையாத தட்டையான செல்லும், நடுவில் கருநீல உட்கருவும் தெரியும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நுண்ணமைப்புத் திருகை மெல்லத் திருப்பினால் அந்தச் செல்லின் மேலேயே சிறு சிறு நீலப் புள்ளிகளும் கோடுகளும் தென்படும். அழுக்கு என்று துடைத்துவிட வேண்டாம். அவற்றில் பல, வாயில் வாழும் பாக்டீரியாக்கள். ஒரே தகட்டில், ஒரே சாயத்தில் இரண்டு வகைச் செல்களும் கிடைத்துவிடும். தனியாகப் பாக்டீரியா மட்டும் வேண்டுமானால் தயிரின் தெளிந்த நீரில் ஒரு சொட்டு எடுத்து மெல்லிதாகப் பூசி உலரவிட்டு, இதே சாயத்தைப் பயன்படுத்துங்கள். குச்சிகளும் சங்கிலிகளும் தெரியும். எண்ணெய் லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவு.